இரண்டு மார்ஷல்கள்

"லேப்டாப்புக்குள்ள ஆம்ப் வெச்சிருக்கியாமே, எப்படிடா?" என்று வகுப்பில் இதுவரை நாலு பேர் கேட்டுவிட்டார்கள். நாலு பேருக்கும் நாலு விதமாகச் சொல்லி எனக்கே குழம்பிவிட்டது. அதனால் ஒரே பதிவாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்தருள்க. கிட்டார் தெரியாதவர்களும் படிக்கலாம். காஸ்ட் அக்கவுண்டிங் அளவுக்குக் கஷ்டமில்லை :-)

எங்கள் குஜிலியம்பாறைப் பக்கம் ஆம்ப்ளிஃபயர் என்றால் அகுஜாதான். கோயில் திருவிழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் மைக்செட்காரர் முதலில் இறக்கி வைக்கும் பெட்டி அது. உள்ளே போகிற சத்தத்தை மாற்றாமல் பெரிதாக்கி வெளியே அனுப்புவது அதன் வேலை. அது இரைந்தாலோ கரகரத்தாலோ மைக்செட்காரருக்குத் திட்டு விழும்.

கிட்டார் ஆம்ப் அதற்கு நேர் எதிர். ராக் இசையில் நாம் கேட்கும் அந்த உறுமலே, ஆம்ப் தாங்க முடியாமல் கரகரப்பதால் வருவதுதான். கம்பியின் அதிர்வு மின் அலையாக உள்ளே போகிறது. வால்வு தாங்கும் அளவைவிட அலை பெரிதாகிவிட்டால் அலையின் உச்சி வெட்டுப்படுகிறது. வெட்டுப்பட்ட அலையில், மூலத்தில் இல்லாத மேல் சுருதிகள் புதிதாக முளைக்கின்றன. இதுதான் டிஸ்டார்ஷன். இப்படி வெட்டுவதை ஒன்றன்பின் ஒன்றாகப் பல கட்டங்களில் செய்தால், அதுதான் ஹை கெயின்.

இனி கொஞ்சம் வரலாறு. லண்டன் ஹான்வெல் பகுதியில் ஜிம் மார்ஷல் என்று ஒரு டிரம்மர் இசைக்கருவிக் கடை வைத்திருந்தார். அமெரிக்க ஃபெண்டர் ஆம்ப் அங்கே இறக்குமதிச் சரக்கு, விலை அதிகம். 1962-இல் அவரும் கடையில் இருந்த கென் பிரானும் டட்லி கிரேவனும் சேர்ந்து, ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்பின் சர்க்யூட்டை அடிப்படையாக வைத்து, உள்ளூரில் கிடைத்த பாகங்களைப் போட்டு ஒன்றைக் கட்டினார்கள். அதுதான் ஜேடிஎம்45. பாகங்கள் மாறியதால் சத்தமும் மாறியது. அந்த மாறிய சத்தத்தைத்தான் பின்னாளில் உலகம் முழுக்க 'மார்ஷல் சவுண்ட்' என்று கொண்டாடினார்கள்.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், "சாஃப்ட்வேர் ஆம்ப் எல்லாம் டூப்ளிகேட் மச்சி" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு என் பதில் இது: நீங்கள் கும்பிடுகிற அசலே ஒரு நகலில் இருந்து பிறந்ததுதான். கையில் கிடைத்ததை வைத்துச் செய்யும்போதுதான் புதிதாக ஒன்று வருகிறது.

அதற்குப் பிறகு வரிசையாக வந்தார்கள். 1981-இல் மார்ஷல் ஜேசிஎம்800. 1987-இல் சொல்டானோ எஸ்எல்ஓ-100. 1992-இல் எடி வான் ஹேலனுக்காகப் பீவி நிறுவனம் செய்த 5150. அதே காலகட்டத்தில் மெசா பூகியின் டூயல் ரெக்டிஃபயர். இன்றைக்கு எந்த ஆம்ப் மென்பொருளைத் திறந்தாலும் இந்த நாலைந்து பேரின் வாரிசுகள்தான் உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். வியாபார முத்திரைச் சிக்கலால் பெயர் மட்டும் மாறியிருக்கும். லைன் 6 ஹீலிக்ஸில் 'பிரிட் 2204' என்றிருந்தால் மார்ஷல், 'காலி ரெக்டிஃபயர்' மெசா, 'பிவி பனாமா' பீவி 5150. நம்ம ஊர்ப் பட்டப்பெயர் மாதிரிதான். ஊருக்கே யார் என்று தெரியும், யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள்.

நிஜமான ஆம்பையே வாங்கினால் என்ன என்று கேட்பீர்கள். விலை லட்சங்களில். அதோடு வரும் நாலு ஸ்பீக்கர் பெட்டி 35 கிலோவுக்கு மேல். கரூர் பஸ்ஸில் ஏற்றினால் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட மாட்டார், என்னையே இறக்கி விட்டுவிடுவார். இதையெல்லாம் விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அப்பாவுக்கு நூற்பாலையில் நைட் ஷிஃப்ட். நான் கல்லூரி விட்டு வரும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். நூறு வாட் மார்ஷலை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் எங்கள் இரண்டு அறை வீட்டில் அதைப் போட முடியாது. ஹெட்போனில் வாசிப்பதுதான் ஒரே வழி. எனக்கு ஆம்ப் மாடல் என்பது நிஜ ஆம்புக்கு மாற்று இல்லை. அது இல்லாவிட்டால் கிட்டாரே இல்லை.

செலவுக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். பி.காம் படித்துவிட்டு இதைச் சொல்லாவிட்டால் பாவம். பழைய ஆடியோ இன்டர்ஃபேஸ் 4,000 ரூபாய், கேபிள் 350 ரூபாய், மென்பொருள் 0 ரூபாய். ஆமாம், பூஜ்யம்தான். ஸ்டீவன் அட்கின்சன் என்பவர் எழுதிய 'நியூரல் ஆம்ப் மாடலர்' திறமூல மென்பொருள். நிஜ ஆம்பின் ஒரு பக்கம் ஒரு சோதனை ஒலியை அனுப்பி, மறுபக்கம் வருவதைப் பதிவு செய்து, இரண்டுக்கும் உள்ள உறவை ஒரு நியூரல் நெட்வொர்க்குக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். அந்த ஆம்பை வைத்திருக்கும் யாரோ ஒரு புண்ணியவான் எங்கோ உட்கார்ந்து எடுத்துப் போட்ட கோப்பு நம் லேப்டாப்பில் ஓடுகிறது.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். இப்படி எடுப்பது பெரும்பாலும் ஒரு ஃபோட்டோ மாதிரி. எடுத்தவர் கெயினை 7-இல் வைத்திருந்தால் அது 7-இல் உறைந்துவிடும். எல்லாக் குமிழையும் திருப்ப வேண்டும் என்றால், சர்க்யூட்டைப் பாகம் பாகமாகக் கணக்குப் போட்டு எழுதிய பழைய வகை மாடல்தான் வசதி. என் யோசனை: சத்தம் எப்படி மாறுகிறது என்று கற்றுக்கொள்ளும் வரை குமிழ் உள்ள மாடல். உங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த பிறகு ஃபோட்டோ வகை.

சரி, மேட்டருக்கு வருவோம். நூற்றுக்கணக்கான மாடல்கள் இருக்கும்போது எதை எடுப்பது? பெரும்பாலும் எல்லோரும் பெயரைப் பார்த்து ஆம்பை எடுத்து, கெயினை முழுக்கத் திருப்பி, பிறகு சரியில்லை என்று அடுத்த ஆம்புக்குத் தாவுவார்கள். நான் சொல்வது தலைகீழ் வரிசை. பின்னால் இருந்து முன்னால் வாருங்கள். முதலில் ஸ்பீக்கர், அப்புறம் ஆம்புக்கு முன்னால் என்ன போகிறது என்பது, அப்புறம்தான் ஆம்ப், கடைசியில் கெயின்.

ஸ்பீக்கர் ஏன் முதலில்? ஆடி மாதம் கோயில் குழாய் ஸ்பீக்கரில் எல்.ஆர்.ஈஸ்வரி அம்மன் பாட்டைக் கேட்டிருப்பீர்கள். அதே பாட்டை இயர்போனில் கேட்டுப் பாருங்கள். குரல் அதேதான், பாட்டும் அதேதான், ஆனால் சத்தம் வேறு. குழாய் ஸ்பீக்கர் அடித்தொனியையும் உச்சத்தொனியையும் வடிகட்டிவிட்டு நடுவில் உள்ளதை மட்டும் ஊர் எல்லை வரைக்கும் துரத்துகிறது. கிட்டார் ஸ்பீக்கரும் ஒரு வடிகட்டிதான். ராக்கில் பிரபலமான செலஸ்டியன் விண்டேஜ் 30 ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரிந்துவிடும். அந்தச் சரிவு இல்லாமல் டிஸ்டார்ஷனை நேரடியாகக் கேட்டால் குளவிக்கூட்டைக் கலைத்த மாதிரி இருக்கும்.

மென்பொருளில் இந்த வேலையைச் செய்வது 'இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்' என்ற குட்டி ஒலிக்கோப்பு. காலியான கல்யாண மண்டபத்தில் ஒரு தடவை கை தட்டினால் மண்டபத்தின் குணம் தெரிந்துவிடும் அல்லவா, அதே தத்துவம். ஸ்பீக்கர், மைக், மைக் வைத்த இடம் மூன்றும் அதில் அடங்கிவிடும். மைக் ஸ்பீக்கரின் நடுமையத்தைப் பார்த்து இருந்தால் சத்தம் கூர்மையாக இருக்கும், ஓரத்துக்குப் போகப் போக மழுங்கும். ஆம்பை மாற்றாமல் இந்தக் கோப்பை மட்டும் மாற்றிப் பாருங்கள். புது ஆம்ப் வாங்கின மாதிரி இருக்கும். அதனால் முதல் ஒரு மணி நேரத்தை இதற்குக் கொடுங்கள்.

இரண்டாவது, ஆம்புக்கு முன்னால் போவது. கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அடித்தொனி அதிகமாக உள்ளே போய் வெட்டுப்பட்டால் சத்தம் களியாகிவிடும். வேகமாக அடிக்கும்போது ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே இடைவெளியே தெரியாது. இதற்குத்தான் மெட்டல்காரர்கள் ஆம்புக்கு முன்னால் டியூப் ஸ்க்ரீமர் பெடலை வைக்கிறார்கள். அதன் டிரைவ் குமிழைக் கிட்டத்தட்டப் பூஜ்யத்தில் வைத்து, லெவலை மட்டும் ஏற்றுவார்கள். அந்தப் பெடல் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குறைத்து, நடுத்தொனியை முன்னே தள்ளுகிறது. வெட்டுப்படுவதற்கு முன்பே கொழுப்பை எடுத்துவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஈக்யூவில் எவ்வளவு சுரண்டினாலும் அந்தத் தெளிவு வராது.

இங்கேயே இன்னொன்று. கிட்டாரை லேப்டாப்பின் மைக் துளையில் செருகினால் சத்தம் உயிரில்லாமல் வரும். கிட்டாருக்குச் சுமார் ஒரு மெகா ஓம் மின்தடை உள்ள உள்வாசல் வேண்டும். இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்ருமென்ட்' என்று போட்ட பட்டன் அதற்குத்தான். சார்ஜரைக் கழற்றினால் இரைச்சல் குறைகிறது என்றால், குற்றவாளி சார்ஜர் வழியாக வரும் மின்சாரம், உங்கள் கிட்டார் இல்லை. தாமதத்தைப் பற்றியும் பயப்பட வேண்டாம். 48,000 சாம்பிள் வேகத்தில் பஃபர் 128 என்றால் ஒரு பஃபருக்கு 2.7 மில்லி நொடி. ஒலி காற்றில் ஒரு மீட்டர் போகவே ஏறக்குறைய 3 மில்லி நொடி ஆகும். உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என்று சேர்த்தாலும் ஸ்பீக்கரில் இருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று வாசிப்பது போலத்தான்.

மூன்றாவது ஆம்ப். இங்கே பாட்டுதான் முடிவு செய்ய வேண்டும். திறந்த கார்டுகள், பழைய ராக், வாசிப்பின் அழுத்தம் தெரிய வேண்டும் என்றால் ஜேசிஎம்800 குடும்பம். சுவர் மாதிரி அகலமான, மெதுவான, கனமான ரிஃப் என்றால் ரெக்டிஃபயர். வேகமாக, வெட்டி வெட்டி அடிக்க வேண்டும் என்றால் 5150. இந்த மூன்றில் ஒவ்வொன்றை வைத்துக்கொண்டாலே நம் தேவைக்குப் போதும்.

கடைசியாகக் கெயின். இங்கேதான் எங்கள் பாடப்புத்தகத்து மார்ஷல் வருகிறார் :-) ஜிம் இல்லை, ஆல்ஃபிரட். 1890-இல் 'பொருளியல் கோட்பாடுகள்' எழுதியவர். குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி ஞாபகம் இருக்கிறதா? முதல் பரோட்டா அமிர்தம், ஐந்தாவது பரோட்டா தண்டனை. கெயின் குமிழும் அப்படியே. 0-இல் இருந்து 4 வரை ஒவ்வொரு திருப்பும் உயிர் கொடுக்கும். 5, 6-க்கு மேல் கிடைப்பது கொஞ்சம், இழப்பது நிறைய. மெதுவாக அடித்தாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே அளவு சத்தம் வரும், விரலின் அழுத்தம் தொலைந்துவிடும், ஃபேன் ரெகுலேட்டர் இரைச்சல் வரைக்கும் பெரிதாகும். 1980-இல் வந்த ஏசி/டிசியின் 'பேக் இன் பிளாக்' ஆல்பத்தை ஹெட்போனில் கேளுங்கள். நாம் நினைப்பதைவிடக் கெயின் மிகக் குறைவு. இன்னொரு ரகசியம்: ராக் ரெக்கார்டுகளில் கேட்கும் அந்தப் பிரம்மாண்டம் பெரும்பாலும் ஒரே கிட்டார் இல்லை. ஒரே பகுதியை இரண்டு தடவை தனித்தனியாக வாசித்து, ஒன்றை இடது பக்கமும் மற்றதை வலது பக்கமும் வைப்பார்கள். அந்தக் கனத்தைக் கெயின் குமிழில் தேடினால் கிடைக்காது.

அதே போல எதை வாசிக்கிறோம் என்பதும் முக்கியம். ஹை கெயினில் முழு மேஜர் கார்டு அடித்தால் கொழகொழவென்று இருக்கும். பவர் கார்டு மட்டும் கம்பீரமாக இருக்கும். நம் பாஷையில் சொன்னால் பவர் கார்டு என்பது ச-வும் ப-வும், காந்தாரத்துக்கு இடமில்லை. இரண்டின் அதிர்வு விகிதம் 2-க்கு 3. 82-ம் 123-ம் வெட்டுப்படும்போது அவற்றின் வித்தியாசமான 41 ஹெர்ட்ஸும் பிறக்கிறது. அது அதே ஷட்ஜம், ஒரு ஸ்தாயி கீழே. நாம் வாசிக்காத ஒரு சுரத்தை ஆம்பே போட்டுக்கொடுக்கிறது. தம்பூராவிலும் ச-ப தானே!

நம் சங்கீதத்துக்கும் ஹை கெயினுக்கும் சம்பந்தமில்லை என்று நினைக்க வேண்டாம். டிஸ்டார்ஷனில் சுரம் சீக்கிரம் அடங்காமல் நீண்டு நிற்கும். நாதஸ்வரம் மாதிரி கமகத்தை இழுத்து வாசிக்க இடம் கிடைக்கும். கேரளத்தின் மதர்ஜேன் குழுவில் வாசித்த பைஜு தர்மஜன் அந்த வழியில் பேர் வாங்கியவர். 2018 ஜனவரியில் சென்னையில் மேடை ஏறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு, பறையையும் எலெக்ட்ரிக் கிட்டாரையும் ஒரே மேடையில் நிறுத்தியது. இதற்குப் பிறகு "ராக் எல்லாம் நமக்கு எதுக்கு" என்று யாராவது சொன்னால் சிரிப்புதான் வருகிறது.

எங்களுக்கும் அதே கணக்குதான். மார்ச்சில் கல்ச்சுரல்ஸ். இறுதியாண்டு, இதை விட்டால் இந்த ஐந்து பேரும் ஒரே மேடையில் நிற்கப் போவதில்லை. ஒருவன் திருப்பூர், ஒருவன் சி.ஏ., நான் பேங்க் தேர்வு. கிட்டாருடன் தவிலும் உறுமியும் உண்டு. ஒத்திகை தொடங்குவதற்கு முன்பே உறுமிக்காரன் ஒன்று சொன்னான்: "மாப்ள, கீழ இருக்கிற சத்தம் பூரா என்னுது. உனக்கு எடம் வேணும்னா மேல தேடிக்க."

எத்தனை வீடியோ பார்த்தாலும் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. தனியாக அறையில் வாசிக்கும்போது பேஸையும் டிரெபிளையும் ஏற்றி மிட்டைக் குறைத்தால் இனிமையாகத்தான் இருக்கும். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது அடித்தொனியையும் உச்சத்தையும் குறைவாகக் கேட்கிறது என்று ஃபிளெட்சரும் முன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். குறைச்சலை ஈடுகட்டத்தான் கை தானாக அந்தக் குமிழ்களுக்குப் போகிறது. அதே செட்டிங்கை மேடையில் போட்டால், அடித்தொனியை உறுமி எடுத்துக்கொள்ளும், உச்சத்தைத் தாளமும் சிம்பலும் எடுத்துக்கொள்ளும், நடுவில் கிட்டார் இருக்க வேண்டிய இடம் காலி. அதனால் எங்கள் பாட்டுக்குக் கெயின் 4, பேஸ் 3, மிட் 7, டிரெபிள் 5. தனியாகக் கேட்டால் கொஞ்சம் மூக்கால் பேசுவது போல இருக்கும். கூட்டத்தில்தான் அதன் அருமை தெரியும்.

மேடையில் ஆம்ப் கிடையாது. இன்டர்ஃபேஸில் இருந்து நேராக மைக்செட்காரரின் மிக்சருக்குப் போகும். அப்போது இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நிஜ கிட்டார் ஸ்பீக்கர் பெட்டிக்குப் போனால் மட்டும் அதை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வடிகட்டிக்கு மேல் இன்னொரு வடிகட்டி.

மாடலில் கிடைக்காதது இல்லையா என்றால், உண்டு. நாலு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளி நெஞ்சில் அடிப்பது ஹெட்போனில் வராது. ஆம்புக்கு முன்னால் நின்றால் கம்பி தானாக அதிர்ந்து சுரம் வளர்ந்துகொண்டே போகுமே, அதுவும் ஹெட்போனில் வராது. அதற்கெல்லாம் ஒரு நாள் வரும், பார்ப்போம்.

எந்த மாடல் என்று இன்னும் குழப்பமாக இருந்தால் ஒரு வழி சொல்கிறேன். ஒரே ரிஃப்பைப் பதிவு செய்து, நாலு மாடலில் ஓட்டி, சத்த அளவைச் சமமாக்கி, பெயரை மறைத்து 1, 2, 3, 4 என்று போட்டு வையுங்கள். அளவைச் சமமாக்குவது கட்டாயம். சத்தம் கூடுதலாக இருப்பதுதான் எப்போதும் நன்றாக இருப்பது போலத் தோன்றும். பிறகு வேறு யாரையாவது கேட்கச் சொல்லுங்கள். நான் ஒன்பதாவது படிக்கும் தங்கச்சியைப் பிடித்து உட்கார வைத்தேன். ஹெட்போனை மாட்டி நாலையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "மொத ரெண்டும் கிரைண்டர் சத்தம்ணே. நாலாவது தூங்குது. மூணாவதுதான் சண்டைக்குப் போற மாதிரி இருக்கு."

மூன்றாவது, நாலிலும் கெயின் குறைவாக இருந்த ஜேசிஎம்800. மார்ச்சில் அதுதான் மேடைக்குப் போகிறது.